மூணு வயசுப் பாப்பாவுக்கு அம்மை போட்டிருக்கிறது: குளிப்பாட்டலாமா, காய்ச்சல் மருந்து கொடுக்கலாமா?

நிலா அம்மா, கோபிசெட்டிபாளையம் (செவ்வாய், இரவு 11.40)

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு மூன்று வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. நேற்று சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போது முதுகில் கொசு கடித்த மாதிரி நாலைந்து சிவப்புப் புள்ளி இருந்தது. இன்று காலையில் பார்த்தால் வயிறு, கழுத்து, காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் என்று எங்கும் முத்து. சிலது வெறும் சிவப்பு, சிலதில் நீர் கோத்துக்கொண்டு பளபளவென்று நிற்கிறது. காய்ச்சல் 101 இருக்கிறது.

அத்தை பார்த்த உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டு, வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். வீட்டில் தாளிப்பு இல்லை, கறி இல்லை. எனக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை, என் அம்மா வீட்டிலும் இப்படித்தான். ஆனால் மூன்றாம் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் மேலுக்குக்கூடத் தண்ணீர் படக்கூடாதாம். காய்ச்சல் மருந்து கொடுத்தால் முத்து வெளியே வராமல் உள்ளே அமுங்கிவிடுமாம். பாப்பா சொறிந்து சொறிந்து அழுகிறாள். இப்போதும் அவள் இரண்டு கையையும் என் இடது கையில் பிடித்துக்கொண்டு ஒற்றை விரலால் இதை அடித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் புரியாதது, இது எங்கிருந்து வந்தது என்பதுதான். இவள் இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. எங்கள் தெருவில் யாருக்கும் அம்மை இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மை ஊசி உட்பட எல்லாம் நாள் தவறாமல் போட்டிருக்கிறோம், அட்டை கையில் இருக்கிறது.

அப்புறம் ஒன்று. இந்த ஞாயிறு திருப்பூருக்குக் கட்டுச்சோறு கொண்டு போய் நாத்தனாரை அழைத்து வருவதாக இருந்தது. அவளுக்கு ஏழாம் மாதம். அம்மை இருக்கிற வீட்டிலிருந்து சுப காரியத்துக்குக் கிளம்பக்கூடாது என்று அத்தை தள்ளி வைத்துவிட்டார். போன ஞாயிறுதான் இங்கே வந்திருந்தாள், நாள் முழுக்கப் பாப்பாவை மடியை விட்டு இறக்கவில்லை. ஆசையாகக் காத்திருந்தாள், பாவம்.

குளிப்பாட்டலாமா, மருந்து கொடுக்கலாமா என்று யாராவது அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வேளச்சேரி அப்பா (புதன், அதிகாலை 12.15)

நானும் இந்த நேரத்தில் விழித்திருக்கிற ஆள்தான், அதனால் முதலில் சொறிதலுக்குச் சொல்கிறேன்.

நகத்தை இப்போதே, தூங்கும்போதே, ஒட்ட வெட்டிவிடுங்கள். கையில் பருத்தி சாக்ஸ் மாட்டி மணிக்கட்டில் தளர்வாக ஒரு ரிப்பன். என் பையன் முதல் நாள் பல்லால் கழற்றி எறிந்தான். மறுநாள் அந்த சாக்ஸில் மார்க்கர் பேனாவால் கண்ணும் மூக்கும் வரைந்து இரண்டு முயல் ஆக்கியதும் அவனே கேட்டு மாட்டிக்கொண்டான்.

காலமைன் லோஷன் மருந்துக்கடையில் கிடைக்கும். நாம் தடவப் போனால் கத்துவார்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, புது பெயிண்ட் பிரஷ் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் வயிற்றில் இருக்கிற முத்துக்கு எல்லாம் அவர்களே பொட்டு வைத்துக்கொள்வார்கள். முதுகுக்கு மட்டும் நாம். கண், வாய்க்குக் கிட்டே போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பிரஷை அப்புறம் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

படுக்கைக்குப் பழைய வேட்டி. போர்வை, ஸ்வெட்டர் எல்லாம் வேண்டாம், சூடு ஏற ஏற அரிப்பு கூடும். ஃபேன் போடலாம்.

குளியல் பற்றி என் அம்மாவும் உங்கள் அத்தையும் ஒரே கட்சி. அதைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

அமராவதிக் கரை, கரூர் (புதன், காலை 6.05)

அம்மணி, பயப்பட வேண்டாம். எனக்கு எழுபத்தாறு வயது. பெரியம்மையைக் கண்ணால் கண்ட தலைமுறை. எங்கள் தெருவில் ஒரே வீட்டில் இரண்டு பேரைக் கொண்டு போனது. தப்பித்த பெரியப்பாவுக்கு ஒரு கண் போய்விட்டது. அன்றைக்கு வேப்பிலையும் அம்மன் தீர்த்தமும்தான் கதி. உங்கள் அத்தை சொல்வது எல்லாம் அந்த அடிபட்ட அனுபவத்தில் வந்தவை. குழந்தைக்கு இளநீர் கொடுங்கள். மாத்திரை மருந்து என்று உடம்பைக் கெடுக்காதீர்கள். தானாக வந்தது தானாக இறங்கும்.

வார்டு சிஸ்டர், திருச்சி (புதன், காலை 7.30)

நிலா அம்மா, நான் அரசு மருத்துவமனைக் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நீ கேட்ட கேள்விக்கு அப்புறம் வருகிறேன். கேட்காமல் கடைசியில் போகிற போக்கில் எழுதினாயே, நாத்தனார் பாப்பாவை மடியில் வைத்திருந்தாள் என்று, அதுதான் முதலில்.

சின்னம்மை, முத்து வெளியே தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே தொற்றும். உன் மகளுக்குத் திங்கள் மாலை முத்து. ஞாயிறு முழுக்க அவள் மடியில். கணக்கு சரியாகப் பொருந்துகிறது. இப்போதே அத்தையிடம் கேள்: மகளுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டிருந்ததா? உறுதியாகப் போட்டிருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை, ஒரு முறை வந்தால் எதிர்ப்புச் சக்தி உடம்பில் தங்கிவிடும். அத்தைக்கு நினைவில்லை, சந்தேகம் என்றால், அவள் இன்றே தன் பிரசவ டாக்டருக்கு போன் போட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தத்தில் ஐஜிஜி பார்ப்பார்கள். இல்லை என்று வந்தால், எதிர்ப்புச் சக்தியைத் தயாராகவே உடம்பில் ஏற்றுகிற இம்யூனோகுளோபுலின் ஊசி இருக்கிறது, சீக்கிரம் போட்டால் நல்லது, அந்த ஞாயிறிலிருந்து பத்து நாளுக்குள் போட்டுவிட வேண்டும். கர்ப்பிணிக்குச் சின்னம்மை வந்தால் நிமோனியா வரை இழுத்துவிடும். பிரசவத்தை ஒட்டி வந்தால் பச்சைக் குழந்தைக்கு ஆபத்து. ஆகவே கட்டுச்சோற்றைத் தள்ளி வைத்தாரே உன் அத்தை, அந்த ஒரு காரியத்துக்கு அவருக்கு ஒரு கும்பிடு போடு.

ஒன்று சொல் ம்மா, வீட்டில் யாருக்காவது சமீபத்தில் அக்கி வந்ததா?

இனி பாப்பா. தினமும் குளிப்பாட்டு. வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு முரட்டுத்தனமாகத் தேய்க்காதே, துணியால் தேய்க்காமல் ஒற்றி எடு. உடம்பு அழுக்காக இருந்து, சொறிந்து, உடைந்த முத்தில் சீழ் பிடிப்பதுதான் இந்த நோயில் குழந்தைகளை வார்டுக்குக் கொண்டு வரும். தழும்பும் பெரும்பாலும் அப்படித்தான் விழுகிறது. அத்தையிடம் சண்டைக்குப் போகாதே. வேப்பிலை போட்டு வெயிலில் வைத்த தண்ணீர் என்று சொல்லி அவர் கையாலேயே ஊற்றச் சொல். வேப்பிலைத் தண்ணீரில் ஒரு கெடுதலும் இல்லை. அம்மியில் அரைத்த வேப்பிலை மஞ்சள் விழுதை உடைந்த முத்தின் மேல் அப்புவது மட்டும் வேண்டாம். மூன்று தண்ணீர் ஊற்றுகிற சடங்கு அதன் நாளில் நடக்கட்டும், அதற்காக நடுவில் குழந்தையை வறட்டுக் கட்டையாக வைத்திருக்க வேண்டியதில்லை.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் கொடுக்கலாம். முத்து எதுவும் உள்ளே அமுங்காது. ஆனால் பாட்டிலைப் பார்த்துக் கொடு. பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் என்று ஒன்று, 250 மில்லிகிராம் என்று ஒன்று, இரண்டும் ஒரே மாதிரி டப்பாவில் வரும். எடை கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கு. 12 கிலோ குழந்தைக்கு 180 மில்லிகிராம்: 125 பாட்டிலில் ஏறக்குறைய 7 மில்லி, 250 பாட்டிலில் மூன்றரை மில்லி. பாட்டிலை மாற்றி ஊற்றினால் மருந்து இரட்டிப்பு, இல்லை பாதி. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். கூடவே வருகிற சின்ன மூடி அளவைவிட ஊசி இல்லாத சிரிஞ்சு நல்லது. உன் மகளின் எடையைப் பார்த்து டாக்டரிடம் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்.

கொடுக்கவே கூடாதது ஆஸ்பிரின். ரேய் சிண்ட்ரோம் என்று ஒன்று, ஈரலையும் மூளையையும் தாக்கும். இபுப்ரோஃபெனும் வேண்டாம், அம்மையோடு சேர்ந்து தோலில் மோசமான கிருமித்தொற்று வர வாய்ப்பைக் கூட்டும் என்பார்கள். கடையில் போய் "காய்ச்சல் சிரப்" என்று மட்டும் கேட்டால் பாராசிட்டமாலோடு இபுப்ரோஃபென் கலந்ததையே எடுத்து நீட்டுவார்கள். லேபிளில் ஒரே ஒரு மருந்தின் பெயர்தான் இருக்க வேண்டும்.

வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார். உள்ளே முத்து இருந்தால் காரம், புளிப்பு ஆகாது. மோர், இளநீர், ஆறிய ராகிக் கூழ், குழைந்த தயிர் சாதம். நான் சமயபுரத்தாளுக்கு வருஷா வருஷம் பூச்சொரிதலுக்குப் போகிறவள். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் அவளே பச்சைப்பட்டினி கிடக்கிறாள், தளிகை கிடையாது, நைவேத்தியம் துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர். அம்மை மும்முரமாக இருக்கிற காலமும் அதுதான். காய்ச்சலில் வாய் புண்ணாகிக் கிடக்கிற குழந்தைக்கு அதைவிடப் பொருத்தமான பட்டியலை நான் எழுதிவிட முடியாது, பானகத்தில் மட்டும் புளிப்பையும் சுக்கையும் விட்டுவிடு.

டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடு. ஆனால் முன்கூட்டியே போன் செய்து அம்மை என்று சொல்லிவிட்டுப் போ, காத்திருக்கும் இடத்தில் கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருப்பார்கள். நல்ல ஆரோக்கியமான மூன்று வயதுக் குழந்தைக்கு அசைக்ளோவிர் என்கிற, அம்மைக் கிருமியை அடக்கும் மருந்து கட்டாயம் இல்லை, வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார்.

இதில் எது நடந்தாலும் நடு ராத்திரி ஆனாலும் தூக்கிக்கொண்டு ஓடு: மூச்சு வாங்குவது, எழுப்பினால் எழாத மயக்கம், நிற்க நடக்கத் தள்ளாடுவது, கழுத்து விறைப்பு, விடாத வாந்தி, வலிப்பு, முத்துக்குள் ரத்தம் கட்டுவது. முத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கிச் சுட்டாலோ, சீழ் வைத்தாலோ அன்றைக்கே காட்டு. நாலு நாளைக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலும், விட்டுப் போன காய்ச்சல் திரும்பி வந்தாலும் அப்படித்தான்.

கரூர் ஐயாவுக்கு: நீங்கள் பார்த்தது பெரியம்மை. அது வேறு கிருமி. இந்தியாவில் 1975-க்குப் பிறகு அது இல்லை, 1980-ல் உலக சுகாதார நிறுவனம் ஒழிந்தது என்றே அறிவித்துவிட்டது. வாசலில் வேப்பிலை கட்டியது, யாரும் உள்ளே வராதே என்று ஊருக்குச் சொன்ன அறிவிப்பு. அந்தப் பெரியவர்களின் புத்தியை நான் குறை சொல்லவே மாட்டேன். தனியாக வைக்கச் சொன்னார்கள், வெளியே போகாதே என்றார்கள், குளிர்ச்சியாகக் கொடு என்றார்கள், மூன்றும் இன்றைக்கும் சரி. குளிக்காதே, மருந்து தராதே என்பதைத்தான் நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அன்றைக்குக் கொடுக்க மருந்து இல்லை, இன்றைக்கு இருக்கிறது.

நிலா அம்மா, கோபிசெட்டிபாளையம் (புதன், மதியம் 2.20)

சிஸ்டர் அம்மா, உங்கள் பதிலைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. உடனே அத்தையிடம் கேட்டேன். "அவளுக்கா? பெரியவனுக்குப் போட்டுச்சு, அவளுக்குப் போட்ட மாதிரி தெரியலையே" என்றார். நாத்தனாரிடம் பேசி, அவள் டாக்டரைக் கூப்பிட்டு, திருப்பூரிலேயே ரத்தம் கொடுத்துவிட்டாள். முடிவு வர வேண்டும். அத்தை இப்போது பூஜை அறையை விட்டு வெளியே வரவில்லை.

அக்கி! மாமாவுக்கு வந்தது. விலாவில் ஒரு பக்கம் மட்டும் பட்டை மாதிரி. குயவர் வீட்டில் காவியில் அக்கி எழுதிக்கொண்டு வந்தார், சட்டை போட முடியாமல் வெற்று உடம்போடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பாப்பாவுக்கு அந்தக் காவி கோடுகளைப் பார்த்தால் ஒரே குஷி, விரலால் தடவிக்கொண்டே இருப்பாள். ரெண்டு வாரத்துக்கு மேல் இருக்கும். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

குளியல் நடந்துவிட்டது. நீங்கள் சொன்ன மாதிரியே வேப்பிலைத் தண்ணீர் என்று சொல்லி அத்தை கையில் சொம்பைக் கொடுத்தேன். அவரே பாட்டுப் பாடி ஊற்றினார். பிறகு பாப்பா இரண்டு மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். எடை 12 கிலோ 400. டாக்டர் 125 சிரப்பில் 7 மில்லி எழுதியிருக்கிறார், இரவுக்கு அரிப்புக்கு ஒரு சிரப். அசைக்ளோவிர் தேவையில்லை என்றார்.

வார்டு சிஸ்டர், திருச்சி (புதன், மாலை 4.10)

சம்பந்தம் இருக்கிறது ம்மா, இரண்டும் ஒரே கிருமி. சின்ன வயதில் அம்மை போட்டு இறங்கினாலும் கிருமி நரம்பு வேரில் ஒளிந்து கிடக்கும். வயதாகி, உடம்பு தளரும்போது ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும், அதனால்தான் ஒரு பக்கமாகப் பட்டை கட்டுகிறது. அக்கி முத்தில் இருக்கிற நீர் பட்டால், அம்மை வராத குழந்தைக்கு அம்மை வரும். தொற்றியதிலிருந்து முத்து போட 10 முதல் 21 நாள் ஆகும். உன் கணக்கு அதற்குள் விழுகிறது. மாமாவிடம் இதைக் குற்றமாகச் சொல்லாதே, பாவம், வலியில் கிடந்த மனிதர். அவர் புண் காய்ந்துவிட்டதா, வலி இன்னும் இருக்கிறதா என்று மட்டும் பார். வலி தொடர்ந்தால் அதற்கு மருந்து இருக்கிறது.

ஊசி விஷயம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டது எம்.ஆர். ஊசி, தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும். ஊரில் எல்லோரும் அதைத்தான் அம்மை ஊசி என்பார்கள். சின்னம்மைக்கான ஊசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துப் போட வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அட்டவணைப்படி 15 மாதத்தில் ஒன்று, 18 அல்லது 19 மாதத்தில் இன்னொன்று. உன் அட்டையில் ஒரு குறையும் இல்லை, அந்தக் கட்டமே அதில் கிடையாது.

உன் கணவருக்கு வந்திருக்கிறதா? பெரியவன் என்று அத்தை சொன்னது அவரைத்தானா?

நிலா அம்மா, கோபிசெட்டிபாளையம் (புதன், இரவு 9.00)

இல்லை அம்மா, பெரியவன் என்று அத்தை சொன்னது என் வீட்டுக்காரரின் அண்ணனை, அவர் சேலத்தில் இருக்கிறார். என் வீட்டுக்காரருக்கு வந்ததே இல்லையாம். எனக்கு நாலாவது படிக்கும்போது போட்டது, மூக்கில் தழும்பு இருக்கிறது. இவர் இப்போது வாய் கிழிய "எனக்கெல்லாம் ஒன்றும் ஆகாது" என்கிறார்.

வார்டு சிஸ்டர், திருச்சி (புதன், இரவு 9.25)

பெரிய ஆம்பளைகளுக்கு வந்தால்தான் படுத்தி எடுக்கும் என்று சொல். பாப்பாவோடு இருந்து மூன்று நாளைக்குள், அதிகம் போனால் ஐந்து நாளைக்குள் சின்னம்மை ஊசி போட்டால் வராமலோ, வந்தாலும் லேசாகவோ போக வாய்ப்பு உண்டு. நாளைக்கே டாக்டரைப் பார்க்கட்டும். பெரியவர்களுக்கு நாலு வாரம் விட்டு இரண்டாவது ஊசி. மீறி முத்து தெரிந்தால், தெரிந்த 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் தொடங்குவது நல்லது, அப்போது போய் வேப்பிலையோடு உட்கார வேண்டாம். அவருக்கு அம்மை வராது என்று உறுதியாகும் வரை அவர் திருப்பூர் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடாது. நாத்தனாருக்கு இந்த ஊசி கூடாது, இது உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்தது.

வேளச்சேரி அப்பா (வியாழன், காலை 8.10)

எனக்கு அம்மை வந்தது முப்பத்து நாலு வயதில், பையனிடமிருந்து. தொண்டைக்குள் முத்து, எச்சில் விழுங்க முடியாது, தாடி வழிக்க முடியாது, அலுவலகத்தில் "அம்மை விடுப்பு" என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அண்ணா, ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

நிலா அம்மா, கோபிசெட்டிபாளையம் (சனி, காலை 10.45)

நாத்தனாருக்கு முடிவு வந்துவிட்டது. எதிர்ப்புச் சக்தி இருக்கிறதாம்! யாருக்கும் தெரியாமல் லேசாக வந்து போயிருக்கும் என்று அவள் டாக்டர் சொன்னார். அத்தை உடனே மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைத்தார், பண்ணாரிக்குப் போக வேண்டுமாம். வீட்டுக்காரர் வியாழன் சாயங்காலமே ஊசி போட்டுக்கொண்டார், வேளச்சேரி அண்ணன் எழுதியதை வாசித்துக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டு கிளம்பினார்.

பாப்பாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல் இல்லை. புதிதாக முத்து எதுவும் வரவில்லை, முதுகில் முதலில் வந்தது எல்லாம் கறுத்துப் பொருக்கு கட்டுகிறது. தொடையில் மட்டும் இன்னும் நீர் முத்து இருக்கிறது. பிரஷ் வித்தை பிரமாதம், தாத்தாவின் முட்டிக்கும் பொட்டு வைத்துவிட்டாள்.

ஒரே சந்தேகம். எப்போதிலிருந்து மற்ற குழந்தைகளோடு விளையாட விடலாம்? மூன்றாம் தண்ணீர் ஊற்றிவிட்டால் போதும் என்கிறார் அத்தை. எதிர் வீட்டில் ஆறு மாதக் குழந்தை இருக்கிறது.

வார்டு சிஸ்டர், திருச்சி (சனி, மதியம் 12.30)

தண்ணீரைப் பார்க்காதே, தொடையைப் பார். கடைசி முத்தும் காய்ந்து பொருக்கு கட்டும் வரை எதிர் வீட்டுப் பக்கம் விடாதே. பொருக்கு உதிரும் வரை காத்திருக்கத் தேவையில்லை, காய்ந்த பொருக்கு தொற்றாது. அதை உரித்து எடுக்கவும் விடாதே. எதிர் வீட்டு அம்மாவிடம் இப்போதே விஷயத்தைச் சொல்லிவிடு. ஞாயிறு திங்களில் அந்தக் குழந்தையை யாராவது இங்கே தூக்கி வந்தார்களா என்றும் கேள். வந்திருந்தால் அவர்களும் தங்கள் டாக்டரிடம் சொல்லி வைக்கட்டும்.